தண்ணீர் கொடுக்கப் போனவர்கள்

(உலக நோயாளர் நாளன்று வானொலியில் ஆற்றிய மறையுரையின் எழுத்து வடிவம்)



இன்று பிப்ரவரி 11, லூர்து அன்னையின் திருநாள். 1858-ஆம் ஆண்டு லூர்து நகரின் குகையில் ஏழைச் சிறுமி பெர்னதெத் கையால் மண்ணைத் தோண்டியபோது முதலில் வந்தது சேறுதான். பிறகுதான் தெளிந்த நீர் சுரந்தது. அந்த ஊற்றைத் தேடி இன்றுவரை நோயாளிகள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல், 1992-இல் இந்தத் திருநாளையே உலக நோயாளர் நாளாக ஏற்படுத்தினார். தண்ணீரும் நோயும் அருகருகே நிற்கின்ற நாள் இது.

இந்த இரண்டையும் பற்றி உங்களோடு பேச எங்களுக்கு ஒரு காரணம் உண்டு. பழைய கடன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பங்கிலிருந்து ஏழு பேர் ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டுக்குப் போனோம். அங்கே வடபகுதியில் பணியாற்றும் தமிழ் அருள்சகோதரிகள் சிலர், கிராமங்களில் பழுதாகிக் கிடக்கும் அடிபம்புகளைச் சரிசெய்ய ஆள் உதவி கேட்டிருந்தார்கள். போனோம், நான்கு வாரம் இருந்தோம், திரும்பி வந்தோம். பங்கு மக்கள் கோயில் வாசலில் மாலை போட்டு வரவேற்றார்கள். ஆறு அடிபம்புகள் சரிசெய்தோம் என்று பங்கு மடலிலும் அச்சானது. படங்கள் காட்டினோம், கைதட்டல் கிடைத்தது.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டோம். எங்களில் ஒருவர் அங்கே சாவின் வாசல்வரை போய்த் திரும்பினார். அதில் எங்கள் பிழையும் இருந்தது. அவருடைய வீட்டாரைத் தவிர மற்றவர்களிடம், "நடுவில் கொஞ்சம் காய்ச்சல் வந்தது" என்று சொல்லி முடித்துக்கொண்டோம். இன்று அந்தத் தம்பியின் சம்மதத்தோடு அதை முழுவதும் சொல்கிறோம்.

அதற்கு முன் விவிலியத்தில் ஒரு மனிதரைப் பார்ப்போம். அவர் பெயர் எப்பப்பிராதித்து. ஞாயிறு வாசகங்களில் அவர் பெயரை நாம் கேட்பதில்லை. பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் ஆறு வசனங்கள் அவரைப் பற்றி இருக்கின்றன. பவுலடியார் சிறையில் இருக்கிறார். பிலிப்பி நகர் இறைமக்கள் அவருக்கு உதவி திரட்டி, அதை எப்பப்பிராதித்துவின் கையில் கொடுத்து, கூட இருந்து பணிவிடை செய்யும்படி அனுப்புகிறார்கள். நம் நாளின் சொல்லில், அவர் ஒரு தன்னார்வத் தொண்டர். போன இடத்தில் அவரே நோயில் விழுந்து சாகக் கிடக்கிறார். பணிவிடை செய்யப் போனவருக்கு, சிறையில் இருக்கிறவர் கவலைப்பட வேண்டியதாகிவிடுகிறது. கடவுள் இரங்கினார், பிழைத்துக்கொண்டார். அவர் மனத்தை வாட்டியது நோயைவிட வேறொன்று என்கிறார் பவுல். தாம் நோயுற்ற செய்தி ஊரில் இருப்பவர்களுக்கு எட்டிவிட்டதே என்பதுதான் அது.

இந்த வரிகளைக் குருமடத்தில் கிரேக்க மூலத்தோடு படித்திருக்கிறோம். அவை புரிந்தது உகாண்டாவின் ஒரு கிராம சுகாதார நிலையத்தில்தான்.

எங்கள் ஏழு பேரில், ஊராட்சி ஒன்றியத்தில் முப்பது ஆண்டுகள் அடிபம்பு மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் இருந்தார். பள்ளி ஆசிரியர்கள் இருவர், ஒரு தச்சர், கல்லூரி முடித்த இளைஞர்கள் இருவர், குழுவுக்குப் பொறுப்பாகப் பங்குச்சாமி. கிண்டி கிங் நிலையத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டு, மஞ்சள் அட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினோம். மலேரியா வராமலிருக்கத் தினம் ஒரு டாக்ஸிசைக்ளின் மாத்திரை. வெறும் வயிற்றில் போடக்கூடாது, ஒருநாளும் விடக்கூடாது, திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும் என்று மருத்துவர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார்.

எண்டெபேயில் இறங்கி, கம்பாலாவிலிருந்து பேருந்தில் வடக்கே போனோம். கருமா என்ற இடத்தில் நைல் நதி நுரை கக்கிப் பாய்கிறது. அதைக் கடந்தால் குலு நகரைச் சுற்றிய அச்சோலி மக்களின் நாடு. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் போரில் அடிபட்ட மண் அது. மக்களை ஊர் ஊராகப் பெயர்த்துக்கொண்டுபோய் முகாம்களில் வைத்திருந்தார்கள். 2006-க்குப் பிறகுதான் மெல்ல மெல்லச் சொந்த ஊருக்குத் திரும்பினார்கள். திரும்பிய இடங்கள் பலவற்றில் கிணறு இல்லை. முகாம் இருந்த இடத்தில் போட்ட ஆழ்துளைக் கிணறு முகாமோடு நின்றுவிட்டது.

இருந்த பம்புகளைப் பார்த்ததும் எங்கள் மெக்கானிக் அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஃபாதர், இது நம்ம பம்பு!" என்றார். உண்மைதான். 1970-களில் நம் நாட்டில் யுனிசெஃப் உதவியோடு உருவாகி, சென்னைத் தொழிற்சாலையிலும் தயாராகி, நம் ஊர்த் தெருமுனைகளில் நின்ற அதே இந்தியா மார்க் டூ. அங்கே சிறு மாற்றத்தோடு யூ டூ என்று பெயர். கைப்பிடி, சங்கிலி, தலைப்பெட்டி எல்லாம் ஒன்றே. கோளாறு பைப்பில் இருந்தது. அந்த மண்ணின் நிலத்தடி நீர் புளிப்புத் தன்மை கொண்டது. அது இரும்புக் குழாயை உள்ளுக்குள் அரிக்கிறது. தண்ணீர் செம்மண் நிறத்தில் வருகிறது, வாயில் வைத்தால் துரு நாற்றம், துணி துவைத்தால் கறை. பம்பு இருந்தும் பெண்கள் அதை விட்டுவிட்டு, மாடுகளும் இறங்கும் திறந்த ஊற்றுக்கு மஞ்சள் கேன்களோடு நடக்கிறார்கள். ஒரு கேன் 20 லிட்டர், நிரப்பினால் 20 கிலோ. அதைத் தலையில் வைத்துக்கொண்டு, முதுகில் பிள்ளையையும் கட்டிக்கொண்டு வருகிறார்கள். அரித்த குழாய்களை உருவிவிட்டுத் துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களை இறக்குவதுதான் எங்கள் வேலை. திட்டம், ஆறு பம்புகள்.

முதல் வாரத்திலேயே பாடம் தொடங்கிவிட்டது. பகலில் நாங்கள் மாமரத்தடியில் படம் காட்டிச் சொல்லிக்கொடுத்தோம். பம்பில் சுத்தமாக வருகிற தண்ணீர் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் கெட்டுவிடும், கேனைக் கழுவுங்கள், மூடிவையுங்கள், குவளையைக் கைவிட்டு முக்காதீர்கள் என்று சொன்னோம். மாலையில் களைத்துத் திரும்பினால், எங்கள் அறை வாசலில் இருந்த டிரம்மில் ஏழு பேரும் அவரவர் குவளையை முக்கித்தான் குடித்தோம். ஊருக்குத்தான் உபதேசம் என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்! ஐந்தாம் நாள் எங்களில் நான்கு பேருக்கு வயிற்றுப்போக்கு. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கு நாங்கள் மனப்பாடம் செய்வித்த அந்தக் கரைசலை, அந்தத் தாய்மார்களே எங்களுக்குக் கலக்கிக் கொடுத்தார்கள். அவர்கள் சிரிக்கவில்லை. நாங்கள்தான் கூசிப்போனோம்.

இரண்டு மூன்று நாளில் எழுந்துவிட்டோம். ஆனால் இளைஞர்களில் ஒருவர், வயிறு சரியில்லாத நாட்களில் மாத்திரை குமட்டுகிறது என்று மலேரியா மாத்திரையை நிறுத்திவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பதினேழாம் நாள் நண்பகல், நான்காவது ஊரில் வேலை தொடங்குகிற நேரம். முதலிரண்டு ஊர்களில் பம்பு முடிந்திருந்தது, மூன்றாவதில் பாதி. வெயிலில் நின்றுகொண்டே அந்தத் தம்பி நடுங்கினார். தொட்டால் சுட்டது. "லேசான காய்ச்சல்தான் ஃபாதர். சமாளிச்சுக்குவேன்" என்றார். அதற்கு எங்கள் பதில் என்ன தெரியுமா?

"சரிப்பா. இதையும் ஆண்டவருக்கு ஒப்புக்கொடு."

நேயர்களே, இவ்வளவு நேரம் 'நாங்கள்', 'எங்கள்' என்று பேசிவருகிறோம். இந்த இடத்தில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளக் கூடாது. அதைச் சொன்ன வாய் இப்போது உங்களோடு பேசுகிற இந்த வாய்தான். ஒப்புக்கொடுத்தல் புனிதமான சொல். ஆனால் அன்று அதைச் சொன்னது பக்தியினால் அல்ல. வேலை நின்றுவிடக் கூடாது, கணக்கில் ஆறு பம்பு குறையக் கூடாது என்பதற்காகச் சொன்னோம். அந்தத் தம்பியும் குருவானவர் சொன்ன சொல்லைத் தட்டாமல், நடுங்கிக்கொண்டே குழாய் பிடித்தார்.

அந்த ஊரின் உபதேசியார் ஒரு பெண்மணி. பம்பைப் பூட்டித் திறந்து, சங்கிலிக்கு கிரீஸ் போட்டுப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அவருடையதே. மறுநாள் மாலை அவர் வந்து பார்த்தபோது தம்பி பாயில் படுத்து, எதிரே யாருமில்லாத இடத்தைப் பார்த்துத் தமிழில் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தார். குடித்தது தங்கவில்லை. அந்த அம்மா கண் இமையை விலக்கிப் பார்த்தார். அருள்சகோதரி மொழிபெயர்க்க, எங்களைக் கேட்டார்: "எப்போது தொடங்கியது?" "நேற்று நண்பகல்" என்றோம். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எங்கள் ஊரில் காய்ச்சலைப் பொழுது சாயும்வரைகூட வைத்திருக்க மாட்டோம்" என்றார். கோபம் இல்லை, கூச்சலும் இல்லை. ஆனாலும் அந்த ஒரு சொல்லைப்போல் எங்களைக் குத்திய மறையுரை வேறில்லை.

மழை பெய்துகொண்டிருந்தது. பாதை முழுக்கச் சேறு, வண்டி வராது. அங்கே வாடகை மோட்டார் சைக்கிளை 'போடா போடா' என்பார்கள். வந்த நாள்முதல் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். அன்று யாரும் சிரிக்கவில்லை. முன்னால் ஓட்டுநர், பின்னால் அந்த அம்மாவின் அண்ணன் மகன், நடுவில் துணியால் கட்டி உட்காரவைத்த எங்கள் தம்பி. இன்னொரு போடா போடாவில் நாங்கள். ஏறக்குறைய ஒரு மணிநேரம். செபமாலையைக் கையில் பிடித்திருந்தோம், ஆனால் எந்த மறையுண்மையும் மனத்தில் நிற்கவில்லை. அவருடைய தாயிடம் போய் என்ன சொல்லப்போகிறோம் என்ற ஒன்றே ஓடிக்கொண்டிருந்தது.

சுகாதார நிலையத்தில் விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்தார்கள். பரிசோதனை அட்டையில் கோடு தெரிந்தது. மூளையைத் தாக்கக்கூடிய மலேரியா வகை. உடனே ஆர்டிசுனேட் ஊசி, பன்னிரண்டு மணிநேரம் கழித்து மறுபடி, இருபத்து நான்காம் மணிநேரத்தில் மறுபடி. பணியில் இருந்த செவிலியர் ஒன்றை விளக்கினார். அந்த ஊர்ப் பெரியவர்களுக்குச் சிறு வயதிலிருந்தே மலேரியா வந்து வந்து உடம்பில் ஓரளவு எதிர்ப்பாற்றல் உண்டு. சிறு பிள்ளைகளுக்கு அது இல்லை. அவர்கள்தான் அதிகம் சாகிறார்கள். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கும் அது இல்லை. அதாவது, எத்தனை வயதானாலும், எவ்வளவு படித்திருந்தாலும், அந்த மண்ணில் நாங்கள் சிறு பிள்ளைகள். கைகொடுத்துத் தூக்கிவிட வந்தவர்கள் என்று எங்களை நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில், தூக்கிச் சுமக்கப்பட வேண்டியவர்களாகத்தான் அங்கே இருந்தோம்.

அங்கெல்லாம் மருந்தையும் ஊசியையும் நிலையம் தரும். படுக்கை விரிப்பு, சாப்பாடு, தண்ணீர் எல்லாம் நோயாளியின் வீட்டார் பொறுப்பு. எங்களுக்கு அங்கே வீட்டார் யார்? மறுநாள் விடியும்போது அந்த உபதேசியார் அம்மா தலையில் மஞ்சள் கேனோடு வந்து நின்றார். அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். மூன்றாம் நாள்தான் கேட்டோம், எங்கிருந்து அம்மா இந்தத் தண்ணீர் என்று. ஊர்க்கோடி ஊற்றிலிருந்து எடுத்து, துணியில் வடிகட்டி, விறகு வைத்துக் கொதிக்கவைத்து, இரவு முழுவதும் ஆறவைத்துக் கொண்டுவருகிறாராம். "உங்கள் வயிறு எங்கள் தண்ணீருக்குப் பழகவில்லையே" என்றார்.

ஏன் ஊற்றிலிருந்து? அவருடைய ஊர்ப் பம்புதான் நாங்கள் பிரித்துப்போட்டுவிட்டு முடிக்காமல் விட்டுவந்த நான்காவது பம்பு. அந்தத் தாயின் ஊற்று நடையைக் குறைக்கத்தான் கடல் தாண்டிப் போனோம். எங்களால்தான் அவருக்கு அந்த நடையும், அதற்குமேல் இன்னொரு நடையும்.

அன்று அவர் எங்களிடம் வேறொரு கேள்வியும் கேட்டார். "இவனுடைய அம்மாவுக்குச் சொல்லிவிட்டீர்களா?"

சொல்லவில்லை. தம்பிக்கு நினைவு தெளிந்த நேரங்களில் அவரே, "வீட்டுக்குச் சொல்லாதீங்க ஃபாதர், அம்மா தாங்க மாட்டாங்க" என்று கெஞ்சியிருந்தார். எப்பப்பிராதித்து மனம் வாடிய அதே காரணம். எங்களுக்கும் அது வசதியாக இருந்தது. ஆனால் ஒரு தாய் கேட்டபிறகு தப்ப முடியவில்லை. அலைபேசியில் அழைத்தோம். விவரம் சொன்னதும் மறுமுனையில் வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு அந்த அம்மா ஒன்றே ஒன்று கேட்டார். "பக்கத்துல யாரு ஃபாதர் இருக்காங்க?" ஒரு அம்மா இருக்கிறார் என்றோம். "அவங்ககிட்ட போனைக் குடுங்க."

கொடுத்தோம். ஒருவருக்குத் தமிழ் மட்டும் தெரியும். இன்னொருவருக்கு அச்சோலி மொழி. அங்கே இவர் அழுதுகொண்டே ஏதோ சொன்னார். இங்கே அவர், தம்பியின் நெற்றியில் ஒரு கையை வைத்துக்கொண்டு, "அப்வோயோ, அப்வோயோ" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர்கள் மொழியில் நன்றிக்கும் வணக்கத்துக்கும் அந்த ஒரே சொல்தான். யார் யாருக்கு நன்றி சொன்னார்கள் என்று இன்றும் தெரியவில்லை. இருவருக்கும் புரிந்தது என்பது மட்டும் தெரியும்.

தம்பி பிழைத்துக்கொண்டார். நான்காம் நாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். இதற்கிடையே எங்கள் மெக்கானிக் அண்ணனும், அந்தப் பகுதியின் பம்பு மெக்கானிக்குகள் இருவரும், ஊர் ஆண்களும் பெண்களும் சேர்ந்து, பாதியில் நின்ற மூன்றாவது பம்பையும் நான்காவது பம்பையும் முடித்துவிட்டார்கள். ஐந்தாவதையும் ஆறாவதையும் நாங்கள் கிளம்பிய பிறகு அவர்களே முடித்தார்கள். ஆகவே பங்கு மடலில் அன்று அச்சான கணக்கை இன்று திருத்திக்கொள்கிறோம். நாங்கள் ஏழு பேரும் நின்று முடித்தது இரண்டு. மற்ற நான்கும் அவர்கள் உழைப்பு.

அன்புக்குரியவர்களே, மத்தேயு நற்செய்தியின் இருபத்தைந்தாம் அதிகாரத்தை எத்தனை முறை கேட்டிருக்கிறோம். தாம் தாகமாயிருந்ததையும் நோயுற்றிருந்ததையும் ஆண்டவர் ஒரே மூச்சில் சொல்கிறார். நாம் எப்போதும் அந்தக் காட்சியில் நம்மை எந்தப் பக்கம் நிறுத்துகிறோம்? தண்ணீர் கொடுக்கிறவர் பக்கம், நோயாளியைப் பார்க்கப் போகிறவர் பக்கம். ஆண்டவர் தம்மை எந்தப் பக்கம் நிறுத்திக்கொண்டார்? வாங்குகிறவர் பக்கம். கையேந்துகிறவர், படுத்துக் கிடக்கிறவர் பக்கம். சமாரியாவின் கிணற்றோரத்திலும் அப்படித்தான். வாழ்வு தரும் தண்ணீரைக் கொடுக்க வந்தவர், நடந்த களைப்போடு உட்கார்ந்து, முதலில் அந்தப் பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். பேச்சைத் தொடங்க அவர் செய்த தந்திரம் என்று நாங்களே மறையுரையில் சொன்னதுண்டு. இனி அப்படிச் சொல்ல மாட்டோம். அவருக்கு உண்மையாகவே தாகம் எடுத்தது. வாங்கத் தெரியாதவருக்குக் கொடுக்கவும் தெரியாது. வாங்கத் தெரியாமல் கொடுக்கும்போது அன்பு குறைந்து, கணக்கு மிஞ்சுகிறது. ஆறு பம்பு என்று நாங்கள் வைத்திருந்த கணக்கைப் போல.

ஆனால் இதைத் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். நோயைத் தேடிப் போவது தியாகம் ஆகாது. நாங்கள் ஊர் திரும்புமுன் குலு நகருக்கு அருகே உள்ள லாச்சோர் புனித மரியா மருத்துவமனைக்குப் போய் வணங்கினோம். கொம்போனி மறைப்பணியாளர்கள் 1959-இல் தொடங்கிய மருத்துவமனை அது. அங்கே 1961 முதல் பணியாற்றிய மருத்துவர் லூசில் டீஸ்டேல், போர்க்காலத்தில் அறுவை சிகிச்சை செய்யும்போது எச்.ஐ.வி. தொற்றி, 1996-இல் இறந்தார். 2000-ஆம் ஆண்டு எபோலா பரவியபோது அதை இனங்கண்டு எதிர்த்து நின்ற மருத்துவர் மாத்யூ லுக்வியா, அதே நோயால் டிசம்பர் 5 அன்று உயிர்நீத்தார். இருவரும் அந்த வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அந்தக் கல்லறைகளுக்கு முன் நின்றபோது எங்களுக்கு ஒன்று விளங்கியது. அவர்கள் நோயாளியை விட்டு விலகாததால் நோய் வந்தது. எங்களுக்கு வந்தது மாத்திரையை விட்டதால், கையைக் கழுவாததால், காய்ச்சலை மறைத்ததால். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துத் 'தியாகம்' என்று பெயர் சூட்டினால், அது அவர்களை அவமதிப்பதாகும். தியாகம் வேறு, அசட்டுத் துணிச்சல் வேறு.

ஆகவே இன்று மூன்று பேரிடம் ஒரு சொல்.

நோயில் படுத்திருப்பவர்களே! ஊருக்கெல்லாம் உழைத்த நாம் இன்று பிறர் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கும்படி ஆகிவிட்டதே என்று மனம் வாடுகிறீர்களா? வாடாதீர்கள். ஆண்டவர் நின்ற பக்கத்தில்தான் நீங்கள் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறவர் அவருக்கே கொடுக்கிறார். அந்த வாய்ப்பை அவருக்கு மறுக்காதீர்கள்.

வலியை மறைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருப்பவர்களே! வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளைகள், வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று காய்ச்சலோடு ஷிப்டுக்குப் போகிறவர்கள், எல்லாருக்கும் சமைத்துப்போட்டுவிட்டுத் தன் மார்வலியைச் சொல்லாத அம்மாக்கள், இவர்கள் எல்லாரையும் சொல்கிறோம். சொல்லுங்கள். இன்றே சொல்லுங்கள். ஒப்புக்கொடுக்க வேண்டியதை மருத்துவரைப் பார்த்தபிறகும் ஒப்புக்கொடுக்கலாம்.

பொறுப்பில் இருப்பவர்களே! குருக்கள், அருள்சகோதரிகள், ஆசிரியர்கள், குடும்பத் தலைவர்கள், நம் எல்லாருக்கும்தான். பிறருடைய வலியை நாம் ஒப்புக்கொடுக்க முடியாது. ஒருவர் காய்ச்சல் என்று சொன்னால், செபிக்கச் சொல்வதற்கு முன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்போம். அந்த உபதேசியார் அம்மா செய்தது அதுதான்.

எப்பப்பிராதித்துவைத் திருப்பி அனுப்பும்போது பவுலடியார் பிலிப்பியருக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறார். அவரை முழு மகிழ்ச்சியோடு வரவேற்க வேண்டும், அவரைப் போன்றவர்களுக்கு மதிப்பளிக்க வேண்டும் என்கிறார். அனுப்பிய வேலையை முடித்தாயா என்று ஊரார் கேட்டுவிடக் கூடாதே என்ற கரிசனை அதில் தெரிகிறது. எங்களையும் நம் மக்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். அந்த மாலைக்கு உரியவர் அன்று கோயில் வாசலில் இல்லை. வட உகாண்டாவின் ஒரு கிராமத்தில், எஃகுக் குழாய் போட்ட பம்பின் சங்கிலிக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்திருப்பார். இத்தனை ஆண்டு கழித்து, இந்த வானொலி வழியாக, அவருக்கு அந்த மாலையைப் போடுகிறோம். அவர் பெயரைச் சொல்லவில்லை, அதை விண்ணகத் தந்தை அறிவார்.

நம் தம்பி இப்போது நலமாக இருக்கிறார். ஒவ்வொரு ஆண்டும் லூர்து அன்னை திருநாளில் அவரும் அவருடைய தாயும் கோயில் வாசலில் வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறார்கள். இரண்டு பானைகள், மூடியோடு, நீண்ட கைப்பிடி அகப்பையோடு. குவளையை யாரும் முக்க விடுவதில்லை!

செபிப்போம். சமாரியாவின் கிணற்றோரம் களைத்து உட்கார்ந்த ஆண்டவரே, கொடுக்கும்போது கணக்குப் பார்க்காத கையையும், வாங்கும்போது கூசாத மனத்தையும் எங்களுக்குத் தாரும். தொலைவில் நோயுற்றிருக்கும் எம் பிள்ளைகளின் பக்கத்தில் ஒரு தாயை அனுப்பும். தண்ணீருக்காக நடக்கும் கால்களுக்கு வழி குறையச் செய்யும். லூர்து அன்னையே, நோயாளரின் ஆரோக்கியமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.